துப்பாக்கி வார்: ஆயுதசாலையில் காணாமற்போன ஒரு சாமான்

மைசூர்த் தமிழர்களின் மலருக்குக் கட்டுரை என்றால் அரண்மனை, தசரா, சந்தனம், பட்டு என்று ஏதாவது ஒன்றை எடுத்துக்கொள்வது வழக்கம். அவற்றைப் பற்றியெல்லாம் என்னைக் காட்டிலும் நன்கறிந்தவர்கள் எழுதிவிட்டார்கள். அடியேன் தோல் பதனிடும் தொழில்நுட்பம் படித்து, அந்தத் தொழிலிலேயே காலம் கழித்து ஓய்வு பெற்றவன். வாணியம்பாடிப் பக்கத்து ஆள். ஆகவே எந்த ஆயுதசாலைக்குப் போனாலும் மற்றவர்கள் வாளின் கூரையும் துப்பாக்கியின் வெள்ளி வேலைப்பாட்டையும் பார்ப்பார்கள். என் கண் மட்டும் அவற்றைத் தொங்கவிட்ட வாரைத் தேடும். "எல்லாரும் சாமியப் பாக்கறாங்க, நீங்க செருப்பு விடற எடத்தையே பாத்துக்கிட்டு நிக்கறீங்க" என்று என் வீட்டுக்காரி சொல்வதுண்டு.

அப்படித் தேடிப் பார்த்ததில் ஒரு செய்தி புலப்பட்டது. பழைய துப்பாக்கிகள் பலவற்றின் அடிப்புறத்தில் இரண்டு வளையங்கள் இருக்கும். ஒன்று கட்டைப் பக்கம், மற்றொன்று குழல் பக்கம். தோளில் மாட்டும் வாரைக் கோப்பதற்காக அடித்தவை. வளையம் இருக்கும், வார் இருக்காது. இன்னும் சில துப்பாக்கிகளில், அதுவும் விலை உயர்ந்தவற்றில், வளையமே இருக்காது. வார் போனது எப்படி, வளையமே இல்லாத துப்பாக்கி தோளில் ஏறியது எப்படி என்று இரண்டு கேள்விகள். முதற்கேள்விக்கு என் தொழில் விடை சொல்லும். இரண்டாவதற்கு மைசூர் வரலாறுதான் விடை சொல்ல வேண்டும். அதிலிருந்தே தொடங்குகிறேன்.

2019 மார்ச் மாதம் இங்கிலாந்தில் ஓர் ஏலம் நடந்தது. பெர்க்ஷயரில் ஒரு குடும்பத்தார் வீட்டுப் பரணில் கிடந்த சாமான்கள். ஸ்ரீரங்கப்பட்டணம் வீழ்ந்தபோது அங்கிருந்த கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரி மேஜர் தாமஸ் ஹார்ட் என்பவர் கொண்டுபோனவை. அவற்றுள் வெள்ளிப் பூண் இட்ட ஒரு 20 போர் துப்பாக்கி இருந்தது. திப்பு சுல்தானின் சொந்த ஆயுதங்களுள் ஒன்று என்று அடையாளம் காணப்பட்டது. கட்டையில் குண்டடி பட்ட சேதம். 60,000 பவுண்டுக்கு விலை போயிற்று. அதே ஏலத்தில் ஒரு வாளும் அதைத் தொங்கவிடும் வாருமாகச் சேர்ந்தும் விற்பனையாயின. வாளின் வார் பிழைத்து வந்திருக்கிறது, பாருங்கள். அரசர்களின் வாள்வார் என்பது பட்டும் சரிகையும் பொன்னும் கலந்த நகை. கொள்ளையடிப்பவன் அதை விட்டுவைக்க மாட்டான், பேரப்பிள்ளை வரை காப்பாற்றியும் வைப்பான். துப்பாக்கி வாருக்கு அந்தக் கொடுப்பினை கிடையாது.

திப்பு இழந்த வேட்டைச் சாமான்களின் கதை ஏலக்கடையில் தொடங்கவில்லை. 1799 மே 4-ஆம் தேதி நண்பகலில் தொடங்கியது. கர்னல் பீட்ஸன் என்பவர் 1800-இல் வெளியிட்ட போர் வரலாற்றில், அன்று உடனிருந்த பணியாட்களிடம் விசாரித்து அறிந்த செய்திகள் உள்ளன. மதில் உடைப்பின் வழியாகப் படை ஏறுகிறது என்று கேள்விப்பட்டதும் சுல்தான் சாப்பாட்டை விட்டு எழுந்தார். பக்கத்திலிருந்த படையினரை ஆயத்தமாகச் சொன்னார். அவருடைய உபயோகத்துக்கென்று பணியாட்கள் சுமந்து நின்ற துப்பாக்கிகளில் மருந்து கெட்டிக்கச் சொன்னார். பிறகு மதில்மேல் குறுக்குச் சுவரின் மறைவிலிருந்து, ஆட்கள் ஒவ்வொன்றாகக் கெட்டித்துக் கொடுக்கக் கொடுக்க, தாமே பலமுறை சுட்டார்.

மன்னரின் துப்பாக்கிகளை மன்னர் சுமக்கவில்லை என்பதை வாசகர்கள் கவனிக்க வேண்டும். வேட்டைக்காட்டில் என்ன பழக்கமோ அதே பழக்கம் மதில் மேலும் தொடர்ந்தது. ஒருவன் கெட்டிப்பான், ஒருவன் ஏந்தி நிற்பான், ஒருவர் சுடுவார். கை நீட்டினால் துப்பாக்கி வந்துவிடும். வளையமும் வாரும் எதற்கு?

அன்று இரவு சடலங்களின் குவியலுக்குள் தீவட்டி வெளிச்சத்தில் தேடியபோது, உடனிருந்த மேஜர் ஆலன் கண்ட கோலத்தை எழுதி வைத்திருக்கிறார். மெல்லிய வெள்ளைச் சட்டை, பூப்போட்ட சீட்டித் துணியில் தொளதொளத்த கால்சட்டை, இடுப்பில் செந்நிறத் துணி, தலைப்பாகை இல்லை, கையில் தாயத்து. தோளின் குறுக்கே சிவப்பும் பச்சையுமான பட்டு வாரில் ஓர் அழகிய தோட்டாப் பை. வாள் இல்லை, துப்பாக்கி இல்லை. அவருடைய கடைசி நிமிஷத்தைப் பற்றி ராஜா கான் என்ற பணியாள் சொன்னது இன்னும் விசேஷமானது. காயம்பட்டுக் கிடந்தவரின் வாள்வாரை ஒரு சிப்பாய் பிடித்து இழுத்தான். அது விலையுயர்ந்த வார். சுல்தான் கையிலிருந்த வாளால் அவன் முழங்காலில் வெட்டினார். அவன் துப்பாக்கியை எடுத்துச் சுட்டுவிட்டான். ஒரு ராஜ்யத்தின் வரலாறு அந்தக் கணத்தில் ஒரு வாரைப் பற்றிய கைகலப்பில் முடிந்தது என்று நான் சொன்னால் வரலாற்றுப் பேராசிரியர்கள் கோபித்துக்கொள்வார்கள். நடந்தது அதுதான்.

பிறகு நடந்த கொள்ளையில் அவருடைய துப்பாக்கிகள் திசைக்கொன்றாய்ச் சிதறின. புலி வரி போட்டு, உள்ளூர்க் கொல்லர்களே செய்து, சிறந்த ஐரோப்பிய வேலைக்கு ஈடு நின்றவை அவை. ராபின் விகிங்டன் என்ற ஆங்கிலேயர் அவற்றைத் தேடித் தேடிச் சேர்த்து 1992-இல் தனி நூலே எழுதினார். 2005-இல் அவருடைய சேகரிப்பும் லண்டனில் சதபீஸ் ஏலத்துக்கு வந்து மறுபடி சிதறியது. துப்பாக்கிகளுக்குப் பட்டியல் உண்டு, படம் உண்டு, கொல்லனின் பெயர்கூடச் சிலவற்றில் பொறித்திருக்கும். மதில்மேல் கெட்டித்துக் கொடுத்த கைகளுக்கு எந்தப் பட்டியலும் இல்லை.

ராஜா போனார், சாகிப் வந்தார். பழக்கம் மட்டும் மாறவில்லை. 1864-இல் மைசூர் ராஜ்யத்துக்கு வந்த ஜி.பி. சாண்டர்சன் இதற்கு நல்ல உதாரணம். சாமராஜநகர் அருகே மோர்லே என்ற ஊரில் முகாம் போட்டு, 1870-களில் கெத்தா முறையில் யானை பிடித்துக் காட்டியவர். 1878-இல் வெளிவந்த அவருடைய நூலை வேட்டைக்காரர்கள் வேதம் போலப் படித்தார்கள். யானைக்கு அவர் பயன்படுத்தியவற்றில் நாலு போர் துப்பாக்கியும் உண்டு. நாலு போர் என்றால் என்னவென்று இளைஞர்களுக்குச் சொல்ல வேண்டும். ஒரு பவுண்டு ஈயத்தில் நாலே நாலு குண்டு வார்த்தால் எந்தப் பருமனோ, குழலின் வாய் அந்தப் பருமன். ஒரு குண்டு 113 கிராம்! திப்புவின் 20 போர் குண்டு இதில் ஐந்தில் ஒரு பங்குதான். இப்படிப்பட்ட துப்பாக்கி ஏழு கிலோவுக்கு மேல் கனக்கும். அதை வாரில் மாட்டிக்கொண்டு மூங்கில் காட்டில் பத்து மைல் நடக்க எந்தத் துரையாலும் முடியாது. ஆகவே பின்னால் ஓர் ஆள். அவன் தோளில்தான் இங்கிலாந்தின் பெரிய கம்பெனிகள் செய்த அத்தனை கனமும் ஏறியது.

காக்கனகோட்டை, பந்திப்பூர்க் காடுகளில் இந்த வேலையைச் செய்தவர்களில் பலர் ஜேனு குருபர், பெட்ட குருபர் இனத்தவர்கள். புல் மடிந்திருப்பதைப் பார்த்தே யானை எப்போது போனது என்று சொல்லக்கூடியவர்கள். அவர்களுடைய திறமையை சாண்டர்சன் மனம்விட்டுப் புகழ்கிறார். ஆனால் அந்தக் காலத்து வேட்டைப் புகைப்படங்களைப் பாருங்கள். நடுவில் துரை ஒரு காலைப் புலியின்மேல் வைத்து, கையில் துப்பாக்கியோடு நிற்பார். படம் எடுப்பதற்காகக் கைக்கு மாறிய துப்பாக்கி அது. ஓரத்தில் கம்பளி போர்த்தி நிற்பவர்கள்தான் அதைக் காலையிலிருந்து சுமந்தவர்கள். படத்தின் அடியில் துரையின் பெயர் இருக்கும், புலியின் நீளம் அங்குலக் கணக்கில் இருக்கும்.

மைசூர் நசர்பாத்தில் வான் இங்கன் என்ற பெயரில் 1900 வாக்கில் தொடங்கி அந்த நூற்றாண்டின் இறுதிவரை நடந்த பாடம் செய்யும் தொழிற்சாலையிலும் இதே நிலைமைதான். உலகெங்கிலும் இருந்து புலித்தோலும் சிறுத்தைத்தோலும் இங்கே வந்து, உயிருள்ளது போல் உறுமிக்கொண்டு திரும்பின. குடும்பத்தின் கடைசி மூத்தவரான ஜூபர்ட் வான் இங்கன் நூறு வயதைத் தாண்டி 2013-இல் காலமானார். தந்தை தம் பிள்ளைகளுக்கு போயர் யுத்தத் தளபதிகளின் பெயர்களை வைத்தார் என்பது ஒரு சுவையான செய்தி. வேட்டையாடப்பட்டதன் தோலை நூறாண்டு கெடாமல் வைக்கத் தெரிந்த ஊரில், வேட்டைக்காரனின் தோல்வார் ஒன்றுகூடக் கெடாமல் கிடைக்கவில்லையே என்பது என் ஆதங்கம்.

தனியாகக் காட்டில் நடந்தவர்கள் வந்தபிறகுதான் வாருக்கு மவுசு வந்தது. வடக்கே ஜிம் கார்பெட். சம்பாவத் புலியைச் சுட்டதற்காக 1907-இல் அவருக்குப் பரிசாகக் கிடைத்த.275 ரிக்பி ரைஃபிள் இலேசானது, தன்னந்தனியாகத் தூக்கிக்கொண்டு மலையேறத் தக்கது. தெற்கே நம் பெங்களூர்க்காரர் கென்னத் ஆண்டர்சன் (1910–1974). தமிழ் சரளமாகப் பேசியவர். .405 வின்செஸ்டருடன் பென்னாகரத்திலிருந்து மைசூர்க் காடுகள் வரை சுற்றினார். அவருடைய கதைகளில் பைரா பூசாரி, ரங்கா போன்றவர்கள் பெயரோடும் குணத்தோடும் வருகிறார்கள். கோபப்படுகிறார்கள், கிண்டல் செய்கிறார்கள். சுமை தூக்கும் நிழல்களாக அவர்களை அவர் எழுதவில்லை. தன் துப்பாக்கியைத் தானே சுமப்பவனுக்குத்தான் கூட நடப்பவனின் முகம் தெரிகிறது போலும். இது என் அபிப்பிராயம், சான்று கேட்காதீர்கள்.

இனி என் தொழிலுக்கு வருகிறேன். வார் ஏன் மிஞ்சவில்லை?

தென்னாட்டில் நூற்றாண்டுகளாகத் தோல் பதனிட்டது ஆவாரம் பட்டையில். மஞ்சள் பூப்பூத்து ரோட்டோரம் நிற்கும் அதே ஆவாரைதான். பட்டைச் சாற்றில் வாரக்கணக்கில் ஊறவைத்து, பிறகு கடுக்காய்த் தண்ணீரில் போட்டு, புங்க எண்ணெயோ நல்லெண்ணெயோ தடவி உலர்த்துவார்கள். வாணியம்பாடி, ஆம்பூர், திண்டுக்கல், திருச்சியிலிருந்து இந்தத் தோல் கப்பல் கப்பலாக லண்டனுக்குப் போயிற்று. சீக்கிரம் பதமாகும், நல்ல நிறம், மலிவு. ஆனால் ஒரு குறை. ஆவாரையின் துவர்ப்பு, வெளிச்சமும் புகைக்காற்றிலுள்ள கந்தகமும் பட்டால் காலப்போக்கில் சிவந்து, வெடித்து, செங்கல்தூள் மாதிரி உதிரத் தொடங்கும். தொழிலில் இதைச் 'சிவப்பு அழுகல்' என்போம். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் லண்டன் கலைச் சங்கம் அமைத்த ஒரு குழு, புத்தகங்களின் தோல் அட்டைகள் ஏன் உதிர்கின்றன என்று ஆராய்ந்தது; இந்தியாவிலிருந்து வந்த தோல்களை மிக மோசமானவற்றில் ஒன்றாகச் சேர்த்தது. கடைசியில் கொடுத்த கடுக்காய்க் குளியல் இந்தச் சிவப்பை ஓரளவு தள்ளிப்போடும், அவ்வளவுதான். புத்தக அலமாரிக்குள் இருந்ததற்கே இந்த கதி என்றால், வியர்வையும் மழையும் பட்டுத் தோளில் தொங்கிய வாரைப் பற்றிச் சொல்லவேண்டியதில்லை.

போதாக்குறைக்கு இரும்பு. ஆவாரையும் கடுக்காயும் இரும்போடு சேர்ந்தால் கருப்பு மசியாகிவிடும். அந்தக் காலத்தில் மை தயாரித்ததே அப்படித்தான். இரும்பு வளையம் பட்ட இடத்தில் தோல் கறுத்து, இறுகி, ஒருநாள் பட்டென்று அறும். ஆகவே பழைய வார்கள் பெரும்பாலும் நடுவில் அறுவதில்லை, வளையத்தண்டை அறும். துப்பாக்கி கீழே விழும். கோபத்தில் மிச்ச வாரைத் தூக்கி எறிவார்கள்.

இதற்கு மாற்றுத் தேடியவர் ஆல்ஃபிரட் சாட்டர்டன். 1903 முதல் சென்னைக் கலைத்தொழிற் பள்ளியில் குரோம் உப்பில் தோல் பதனிடுவதைச் சோதித்துப் பார்த்தார். கிணற்றில் கவலை இறைக்கும் தோல் சால் அடிக்கடி நைந்துபோவதுதான் அவருடைய முதற் கவலை. வார்த்தை விளையாட்டல்ல, உண்மையிலேயே! 1912-இல் இங்கே மைசூர் சமஸ்தானத்துக்குத் தொழில்துறை இயக்குநராக வந்தார். குரோம் தோல் தண்ணீரில் கெடாது, சிவந்து உதிராது. ஆனால் இழுத்தால் நீளும். சாலுக்கு அது குற்றமில்லை, வாருக்கு அது குற்றம்.

ராணுவத்தில் இந்தத் தலைவலிக்கு வேறு வழி கண்டார்கள். தென்னாப்பிரிக்கச் சண்டையில் தோல் சாமான்கள் மோசமாக உழைத்ததைப் பார்த்த ஆங்கிலேயர், பருத்தி நூலில் கெட்டியாக நெய்த பட்டைக்கு மாறினார்கள். ஒன்றேகால் அங்குல அகலம், முனைகளில் பித்தளை. அந்தக் காக்கிப் பட்டைதான் .303 ரைஃபிளோடு நம் போலீஸ்காரர் தோள்களில் எண்பது தொண்ணூறு ஆண்டுகள் தொங்கியது. உத்தரப்பிரதேசப் போலீஸ் .303-க்கு விடைகொடுத்ததே 2020-இல்தான்.

மைசூர்ப் பக்கத்தில் தன் துப்பாக்கியைத் தானே சுமக்கும் மரபு இன்றும் அறுபடாமல் இருக்கும் இடம் குடகு. 1857-க்குப் பிறகு நாடு முழுவதும் ஆயுதங்களைப் பறித்த ஆங்கிலேய அரசு, மைசூர், குடகுக் கமிஷனராக இருந்த மார்க் கப்பனின் 1861 உத்தரவின்படி குடகர்களுக்கு விலக்கு அளித்தது. அந்த விலக்கு குடகர்களுக்கும் ஜம்மா நிலக்காரர்களுக்கும் தொடர்ந்து வந்து, 2019-இல் மத்திய அரசால் 2029 வரை நீட்டிக்கப்பட்டது. 2021-இல் கர்நாடக உயர்நீதிமன்றமும் அதை ஏற்றது. கன்னடத்தில் துப்பாக்கிக்குக் கோவி என்று பெயர். குடகு மொழியில் தோக். செப்டம்பர் முதல் வாரத்தில் வரும் கைல்போல்து பண்டிகையில் தோக்கைத் துடைத்து, சந்தனப் பொட்டு வைத்து, வாயில் தோக்பூ செருகிக் கும்பிடுவார்கள். அந்தத் தோக்பூ வேறொன்றுமில்லை, நம் செங்காந்தள். தமிழ்நாட்டின் மாநில மலர்.

1972-இல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. மறு ஆண்டு, மகாராஜாவின் வேட்டைக்காடாக இருந்த பந்திப்பூர் புலிகள் காப்பகமாயிற்று. வேட்டை முடிந்தது, முடிந்ததும் நல்லதே. துப்பாக்கியும் வாரும் மட்டும் முடியவில்லை. காட்டோரத் தோட்டக்காரர்கள் பயிர்ப் பாதுகாப்புக்கு உரிமம் வாங்கி வைத்திருக்கிறார்கள். என் உறவினர் ஒருவருக்கும் அப்படி ஓர் ஒற்றைக்குழல் உண்டு. தேர்தல் அறிவிப்பு வந்ததும் அதை ஒப்படைக்க வேண்டும், முடிந்ததும் திரும்ப வாங்க வேண்டும். ஒருமுறை ஒப்படைத்துத் திரும்ப வாங்கியபோது துப்பாக்கி வந்தது, வார் வரவில்லை. அவருடைய தகப்பனார் காலத்துத் தோல்வார். தோள்பட்டையின் வளைவுக்குத் தக்கபடி வளைந்து, உள்பக்கம் கண்ணாடி மாதிரி மழுங்கிப்போனது. ரசீதில் துப்பாக்கியின் எண் இருந்தது, தோட்டாக் கணக்கு இருந்தது. வாரைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. எங்கே போய்க் கேட்பது? "வாருதானே மாமா, விடுங்க, கோவி வந்துச்சில்ல" என்று பையன்கள் ஆறுதல் சொன்னார்கள். மனுஷர் பல நாள் சரியாகச் சாப்பிடவில்லை. "துப்பாக்கி கவர்மெண்டுக்குத் தெரிஞ்ச பொருள்டா. அந்த வாரு எங்கப்பாவோட தோளு" என்றார்.

புது வார் வாங்க என்னைத்தான் கூட்டிக்கொண்டு போனார். தோல்காரன் என்ற முறையில் நான் சொன்னவற்றை இங்கும் சொல்கிறேன். உரிமத் துப்பாக்கி வைத்திருப்பவர்களுக்கும், சுடும் பயிற்சிக்குப் பிள்ளைகளை அனுப்பும் பெற்றோருக்கும் உதவும்.

முதலில் தோலின் எந்த இடம் என்று கேட்க வேண்டும். தேவராஜ மார்க்கெட்டுக்குச் சற்றுத் தள்ளி, முன்பு குதிரைச் சேணம் தைத்த பெரியவர் ஒருவர், திருப்பத்தூர்க்காரர், என்னைவிடச் சுருக்கமாகச் சொல்லிவிட்டார்: "சார், வயித்துத் தோலு இழுத்துக்கும், முதுகுத் தோலு கேளுங்க." முதுகெலும்பை ஒட்டி நீளவாக்கில் வெட்டிய எருமை அல்லது மாட்டுத் தோல், பட்டைச்சாற்றில் பதனிட்டது, மூன்றிலிருந்து நாலு மில்லிமீட்டர் கனம். வெட்டுவாயை நகத்தால் அழுத்திப் பார்க்கலாம். நார் நெருக்கமாக இருந்தால் நல்லது, பஞ்சு மாதிரி அமுங்கினால் வேண்டாம். இரு கையாலும் இழுத்துவிட்டால் பழைய நீளத்துக்கு வரவேண்டும்.

அகலம் அடுத்தது. ஒற்றைக்குழலுக்கு ஒன்றேகால் அங்குலம் தாராளம். கனத்த ரைஃபிள் என்றால் தோளில் படும் இடம் மட்டும் இரண்டு அங்குலமாக அகன்று, வளையத்தண்டை குறுகும் வார் நல்லது. முழுவதும் அகலமாக இருப்பது அழகு, ஆனால் வளையத்தில் மடங்கி நசுங்கும். கொக்கியும் திருகும் பித்தளையாகவே இருக்கட்டும். காரணம் மேலே சொன்ன மசி. தையல் மெழுகு பூசிய நூலில், இரண்டு ஊசி போட்டுக் கையால் தைத்ததாக இருந்தால் ஓரிடத்தில் அறுந்தாலும் மற்றது பிடித்துக்கொள்ளும். மெஷின் தையல் ஒரு கண்ணி விட்டால் வரிசையாக விடும்.

நைலான் வார் வேண்டாமா என்று கேட்பீர்கள். மழைக்கு அது நல்லதுதான், பூஞ்சை பிடிக்காது. டெரிகாட்டன் சட்டைமேல் வழுக்கிக்கொண்டே இருக்கும், ஒரு கை எப்போதும் அதைப் பிடித்திருக்க வேண்டும். கையை விடுவிக்கத்தானே வார்? எங்கள் உறவினர் அரைமணி நேரம் நைலானை மாட்டி நடந்து பார்த்துவிட்டுக் கழற்றிக் கொடுத்துவிட்டார்.

வளையம் எங்கே இருக்கிறது என்பதும் முக்கியம். கனமான இங்கிலீஷ் இரட்டைக்குழல்களில் முன்வளையம் கைபிடிக்கும் மரத்தில் இருக்காது. கைக்கும் முன்னால் தள்ளிக் குழலிலேயே பற்றவைத்திருப்பார்கள். சுடும்போது துப்பாக்கி பின்னால் உதைக்குமல்லவா? வளையம் கையருகே இருந்தால் விரலைக் கிழித்துவிடும். முன்வளையம் இல்லாத பழைய துப்பாக்கிக்கு வார் மாட்ட ஆசைப்பட்டுக் கண்ட இடத்தில் துளை போடுபவர்கள் இதை நினைவில் வைக்க வேண்டும். குழலில் கைவைப்பது உரிமம் பெற்ற துப்பாக்கித் தச்சனின் வேலை, தெருமுனை வெல்டிங் கடையின் வேலை அல்ல.

வாருக்கு இன்னொரு தொழிலும் உண்டு. இடதுகையை அதில் சுற்றி இறுக்கினால் துப்பாக்கி ஆடாது, குறி நிற்கும். அமெரிக்க ராணுவம் 1907-இல் கொண்டுவந்த இரு துண்டுத் தோல்வார் இதற்காகவே, கொக்கியை ஓட்டைக்கு ஓட்டை மாற்றிக்கொள்ளும்படி அமைந்தது. இன்று ஒலிம்பிக் ரைஃபிள் பந்தயத்தில் முழந்தாளிட்டும் படுத்தும் சுடும்போது வார் கட்டிக்கொள்ளலாம். நின்று சுடும்போது கூடாது. 2024-இல் பாரிசில் ஸ்வப்னில் குசாலே வெண்கலம் வென்ற 50 மீட்டர் மூன்று நிலைப் பந்தயம் இதுதான்.

நடக்கும்போது ஓர் எச்சரிக்கை. பந்திப்பூர், நாகரஹொளே ஓரங்களில் உண்ணிச்செடி மண்டிக் கிடக்கிறது. தொங்கும் வார் அதில் மாட்டினால் துப்பாக்கியைப் பின்னாலிருந்து யாரோ பிடித்து இழுத்த மாதிரி இருக்கும். பழைய வேட்டைக்காரர்கள் புதர் அடர்ந்த இடம் வந்ததும் வாரைக் கழற்றி மடித்துப் பையில் போட்டுக்கொள்வார்கள். சுலபமாகக் கழற்றவரும் வளையம் வாங்குவது இதற்காகத்தான். மழை பெய்தால் குழல்வாய் கீழே பார்க்க மாட்டிக்கொண்டால் உள்ளே தண்ணீர் போகாது.

எங்கள் உறவினருக்குப் பெரியவர் பத்து நாளில் தைத்துக் கொடுத்தார். எருமைத் தோல், பித்தளைக் கொக்கி, கைத்தையல். மாட்டிப் பார்த்துவிட்டு, "புதுச் செருப்பு மாதிரி கடிக்குதே" என்றார். கடிக்கத்தான் செய்யும், ஓராண்டு தோளில் கிடந்தால் படியும். ஆடியில் ஒருமுறை, ஐப்பசியில் ஒருமுறை உலர்ந்த துணியால் துடைத்து, உள்பக்கம் மட்டும் துளி எண்ணெய் தடவி, நிழலில் காற்றாட விட வேண்டும். வெயிலில் போட்டால் வெடிக்கும், பிளாஸ்டிக் பையில் போட்டால் பூஞ்சை பிடிக்கும். துப்பாக்கியில் மாட்டியபடியே பீரோவில் பூட்டி வைக்கக்கூடாது. தோல் ஈரத்தை உறிஞ்சி வைத்துக்கொண்டு குழலில் துரு ஏற்றிவிடும். அடுத்த தேர்தலுக்கு ஒப்படைக்கப் போகும்போது வாரைக் கழற்றி வீட்டிலேயே வைத்துவிட்டுப் போனார்.